கேட்சர் பையனை ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்தலாமா?

13, 14 வயதில் ஒரு பையன் பேஸ்பாலில் நன்றாகக் கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்றவன்) ஆடுகிறான், மட்டையிலும் கெட்டிக்காரன் என்றால் அவன் வீட்டில் ஒரு கேள்வி கட்டாயம் எழும். ஒவ்வோர் ஆட்டத்திலும் மட்டையடிக்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டே இருந்தால் முட்டி என்னாவது? பேசாமல் ஃபர்ஸ்ட் பேஸில், அதாவது அடித்தவன் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடத்தில், நிறுத்திவிடலாமா? வார இறுதிகளில் சிறுவர் அணி ஒன்றுக்கு உதவிப் பயிற்றுநராக இருக்கிறேன், என்னிடமும் இதைக் கேட்காத பெற்றோர் குறைவு. சிங்கப்பூரில் நம் வீடுகளுக்குக் கிரிக்கெட் தெரிந்த அளவுக்குப் பேஸ்பால் தெரியாது. பள்ளிகளிலும் சாஃப்ட்பால்தான் பரவலாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஃபர்ஸ்ட் பேஸ் நல்ல யோசனைதான். ஆனால் எல்லாரும் முட்டியை நினைத்து அந்த முடிவுக்கு வருகிறார்கள். என் கவலை தோளைப் பற்றியது. இந்த வயதில் கேட்சர் பையனிடம் முதலில் காப்பாற்ற வேண்டியது எறிகிற கை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், எந்த இடம் அவனுக்கு உண்மையான ஓய்வு, எது பெயருக்கு மட்டும் ஓய்வு என்பது தெளிவாகிவிடும்.

கேட்சரின் வேலையை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். 7 இன்னிங்ஸ் ஆட்டத்தில் பிட்சர்கள் சேர்ந்து 100 பந்து எறிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிபடாத ஒவ்வொரு பந்துக்கும் கேட்சர் குந்தி, பிடித்து, திருப்பி எறிய வேண்டும். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால் பிட்சர் கை பழக்க எறிகிற பந்துகளும் அவனிடம்தான் வரும். பிட்சரின் எறிதலை எண்ண, அணி உட்காரும் டக்அவுட்டில் ஒருவர் கிளிக்கரோடு உட்கார்ந்திருப்பார். கேட்சரின் எறிதலை எண்ண யாரும் இல்லை.

ஐந்தாவது இன்னிங்ஸில் அவன் பந்தைத் திருப்பிக் கொடுப்பதைக் கவனித்தால் விஷயம் புரியும். முதல் இன்னிங்ஸில் பந்து நேராகப் பிட்சரின் நெஞ்சுக்குப் போயிருக்கும். இப்போது பையன் எழுந்திருக்காமல் முட்டி போட்டபடியே எறிகிறான். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. பந்து வளைந்து மேலே போய் விழ, பிட்சர் மேட்டிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்து பிடிக்கிறான். இன்னிங்ஸ் முடிந்து காலில் கட்டிய கவசமான ஷின்கார்டைக் கழற்றும்போது கேட்டால், “கால்தான் கோச் வலிக்குது, கை ஓகே” என்பான். அவன் பொய் சொல்லவில்லை. கால் வலி உடனே தெரிகிற வலி. தோளில் சேர்கிற அசதி அப்படித் தெரியாது.

இந்த வயதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், மைதானம் பெரிதாவதும் உடம்பு வளர்வதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஹோம் பிளேட்டும் மூன்று பேஸும் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள். 12 வயது வரை சிறுவர்கள் ஆடும் மைதானத்தில் பேஸுக்குப் பேஸ் 60 அடி. ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸுக்குக் கேட்சர் எறிய வேண்டிய தூரம் ஏறத்தாழ 85 அடி, அதாவது 26 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழு அளவு மைதானத்தில் பேஸுக்குப் பேஸ் 90 அடி, அதே எறிதல் 127 அடிக்குச் சற்று மேல், 38.8 மீட்டர். கிரிக்கெட் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட இரண்டு பிட்ச் நீளம். அதை, செகண்ட் பேஸை நோக்கி ஓடுகிறவன் அங்கே சேர்வதற்குள், பக்கத்தில் மட்டையோடு ஒருவன் நிற்க, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து எறிய வேண்டும்.

இதே வயதில்தான் ஆண் பிள்ளைகள் சட்டென்று உயரமாகிறார்கள். எலும்பு நீள்கிற இடமான வளர்ச்சித் தட்டு அப்போது இன்னும் குருத்தெலும்புதான், சுற்றியுள்ள எலும்பைவிட மென்மையானது. திரும்பத் திரும்ப எறிவதால் மேல்கை எலும்பின் தோள் முனையில் வரும் பாதிப்பை, அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் நடத்தும் லிட்டில் லீக் அமைப்பின் பெயரால், ‘லிட்டில் லீக் ஷோல்டர்’ என்கிறார்கள், முழங்கையின் உள்பக்கம் வருவது ‘லிட்டில் லீக் எல்போ’. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பதும் இந்த வயதுக்காரர்களிடம் அடிக்கடி காண்பதுதான். ஆனால் அது பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது அடங்கிவிடும். தோளில் வந்தால் மாதக்கணக்கில் எறியவே கூடாது என்று நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் விரலையும் தலையையும் சொல்லாமல் விடக் கூடாது. கிளவ் மாட்டிய கையின் ஆள்காட்டி விரல் அடியில் வீக்கம் இல்லாத கேட்சர் அபூர்வம். மட்டையில் உரசி வருகிற ஃபவுல் டிப் மாஸ்க்கில் நேராக மோதும்.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

கேட்சராகவே முழுநேரமும் விடுவது ஒன்று. பையன் வேகமாகக் கற்பான், அணிக்கும் தலைவலி இல்லை. இப்போது பல கேட்சர்கள் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்காருகிறார்கள். அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீகிலும் கடந்த சில ஆண்டுகளில் இதுதான் வழக்கமாகிவிட்டது. முழுக்கக் குந்துவதைவிட இது முட்டிக்கு இலகு. ஆனால் எந்த நிலையில் உட்கார்ந்தாலும் திருப்பி எறிவது குறையப்போவதில்லை. வளர்கிற வயதில் எல்லா இன்னிங்ஸும் ஒரே பையனிடம் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவுட்ஃபீல்டுக்கோ தேர்டு பேஸுக்கோ அனுப்புவது இன்னொன்று. முட்டியை மட்டும் நினைத்தால் இரண்டும் நல்ல யோசனையாகத் தெரியும். ஆனால் தேர்டு பேஸிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கான தூரமும் அதே 38.8 மீட்டர்தான். சதுரத்தின் ஒரு மூலைவிட்டத்திலிருந்து இன்னொரு மூலைவிட்டத்துக்கு மாறியிருக்கிறோம், அவ்வளவுதான். அவுட்ஃபீல்டில் பந்து அடிக்கடி வராது, ஆனால் வரும்போது ஆறிக்கிடக்கும் கையால் முழு பலத்தோடு நீண்ட தூரம் எறிய வேண்டியிருக்கும். முந்தைய நாள் கேட்சர் ஆடிய தோளுக்கு இது ஓய்வே இல்லை. “இன்னிக்கு ரெஸ்ட், சென்டர் ஃபீல்டுக்குப் போ” என்று யாராவது சொல்வதைக் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருப்பதில்லை.

மட்டையடிக்க மட்டும் வைத்துக்கொள்வது உடம்புக்கு முழு ஓய்வு. தோளில் லேசான வலி என்று சொல்கிற பையனுக்கு அதுவே சரி. ஆனால் நன்றாக இருக்கிற பையனை வாராவாரம் டக்அவுட்டில் உட்கார வைத்தால் என்ன கற்பான்? அந்த வயதில் ஆடித்தானே ஆக வேண்டும்.

இவற்றோடு ஒப்பிட்டால்தான் ஃபர்ஸ்ட் பேஸின் அருமை தெரியும். உள்மைதானத்தில் மற்றவர்கள் எறிவதைப் பிடிக்கிறவன் ஃபர்ஸ்ட் பேஸ்மேன். ஓர் ஆட்டத்தில் அவன் அவசரமாக எறிய வேண்டியது கையால் எண்ணக்கூடிய அளவுதான்: மட்டையால் மெல்லத் தட்டிய ஒரு பன்ட், இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபுள் பிளேயில் செகண்ட் பேஸுக்கு ஓர் எறிதல், மற்றபடி பிட்சர் கையில் பந்தைக் கொடுப்பது. மார்புக் கவசமும் ஹெல்மெட்டும் இல்லாததால் நம் ஊர் வெயிலில் அதுவே பாதி ஓய்வு. மதியம் 2 மணி ஆட்டத்தில் கேட்சர் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். களைத்த உடம்பில்தான் முழங்கை இறங்குகிறது, தோள் கெடுகிறது.

கற்றதும் வீணாகாது. பேஸ்பாலில் விரல் பிரியாத மிட் அணிய அனுமதி உள்ளவர்கள் கேட்சரும் ஃபர்ஸ்ட் பேஸ்மேனும் மட்டுமே. முன்னால் குத்தி எழும் பந்தைத் தடுத்துப் பழகிய கேட்சர் பையன், செகண்ட், தேர்டு பேஸுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் தாழ்வாக எறிந்து மண்ணில் குத்தி வரும் பந்தை வழித்தெடுப்பதில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே இருப்பான். பந்துக்கு முகத்தைத் திருப்பாத பழக்கம் அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இடது கைக்காரர்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் பேஸ் வசதி என்பார்கள். செகண்ட் பேஸுக்கு எறிய உடம்பைத் திருப்ப வேண்டியதில்லை என்பதால் அது உண்மைதான். 14 வயதில் அது பெரிய தடையில்லை.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. காலை நீட்டிப் பந்தை எடுக்கையில் ஓடி வருகிறவன் குதிகாலை மிதிப்பது, பாதை தவறி வரும் பந்துக்குக் கையை நீட்டி மோதிக்கொள்வது, இவை நடக்கின்றன. சிறுவர் ஆட்டங்களில் வெள்ளையும் ஆரஞ்சும் ஒட்டிய இரட்டை பேஸ் வைப்பது இதற்காகத்தான்: பிடிக்கிறவனுக்கு வெள்ளை, ஓடுகிறவனுக்கு ஆரஞ்சு. உங்கள் பையன் முதல் முறை அங்கே நிற்கப் போகிறான் என்றால், பேஸின் நடுவில் பாதத்தை வைக்காமல் ஓரத்தைக் கட்டைவிரல் பக்கத்தால் தொடக் கற்றுக்கொடுங்கள்.

இனி நடைமுறைச் சிக்கல். சிறிய அணிகளில் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போட்டி அதிகம். களைத்த பிட்சரையும் அங்கேதான் அனுப்புவார்கள். உயரமான பையன், இடது கைக்காரன், மட்டையில் பலம் உள்ளவன் என்று எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். அதனால் பயிற்றுநரிடம் “என் மகனை ஃபர்ஸ்ட் பேஸில் போடுங்கள்” என்று பெற்றோர் கேட்பதைவிட, “அணியில் இரண்டாவது கேட்சர் ஒருவரைத் தயார் செய்வோமா?” என்று கேட்பது மேல். மாற்று ஆள் இருந்தால்தான் ஓய்வு என்பதே நடக்கும். இல்லையென்றால் மூன்றாவது இன்னிங்ஸில் ஆட்டம் இறுகியதும் உங்கள் பையனை மறுபடி மாஸ்க் மாட்டச் சொல்லிவிடுவார்கள்.

பிட்சிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிட்டில் லீக் விதிப்படி, ஒரு நாளில் 4 இன்னிங்ஸோ அதற்கு மேலோ கேட்சர் ஆடியவன் அன்று பிட்ச் செய்யக் கூடாது. 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்த பிட்சர் அன்று கேட்சர் ஆகக் கூடாது. இந்த இரண்டு வேலையும் சேர்வது எவ்வளவு கெடுதல் என்பதை அந்த விதியே காட்டுகிறது. என் கருத்தில் விதி குறைந்தபட்சம்தான். கேட்சராக வளர விரும்பும் பையன் பிட்சிங் பக்கமே போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. அவனுக்குக் கை பலம் இருப்பதால்தான் இரண்டுக்கும் அழைக்கிறார்கள். அந்தக் கையை இரண்டு இடத்தில் செலவழிக்க வேண்டாம்.

பெரிய ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதிலும் பயன் இருக்கிறது, அவர்கள் வளர்ந்தவர்கள் என்பதை மறக்காமல். மினசோட்டா ட்வின்ஸ் அணியின் ஜோ மாவர், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2001இல் முதல் ஆளாகத் தேர்வானவர். 2006, 2008, 2009 என மூன்று முறை மிக உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் வென்ற ஒரே கேட்சர் அவர்தான். 2009இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். முட்டியில் காயம் வந்தது முதல் ஆண்டான 2004இலேயே. ஆனால் அவரைக் கேட்சர் இடத்திலிருந்து நிரந்தரமாக எடுத்தது முட்டி அல்ல. 2013 ஆகஸ்டில் ஒரு ஃபவுல் டிப் மாஸ்க்கில் பட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. 2014 முதல் 2018இல் ஓய்வு பெறும் வரை ஃபர்ஸ்ட் பேஸில்தான் ஆடினார். அது வரை .323 ஆக இருந்த பேட்டிங் சராசரி ஃபர்ஸ்ட் பேஸ் ஆண்டுகளில் .278. (.323 என்றால் 1,000 முயற்சிக்கு 323 ஹிட், அதாவது பேஸை எட்ட வைத்த அடி.) இடம் மாறினால் மட்டை பூக்கும் என்று நம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஃபர்ஸ்ட் பேஸ் அவரைக் களத்தில் வைத்திருந்தது உண்மை. ஆனால் அடிபட்ட பிறகு போனதால், போனதை மீட்டுத் தரவில்லை.

இன்னொரு கேட்சர் பஸ்டர் போசியின் கதை வேறு. 2011 மே மாதம் ஹோம் பிளேட்டில் நடந்த மோதலில் கால் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார் கிழிந்தது. மறு ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அவரை நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் கேட்சராகவும், முப்பது ஆட்ட அளவில் ஃபர்ஸ்ட் பேஸிலும் ஆட வைத்தது. அந்த 2012இல்தான் அவர் .336 சராசரியோடு பேட்டிங் பட்டமும் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வென்றார். இரண்டு இடத்தையும் பகிர்ந்து ஆடுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கேட்சர் மைக் பியாசாவை 35 வயதில், 2004இல், நியூயார்க் மெட்ஸ் அவசரமாக ஃபர்ஸ்ட் பேஸுக்கு அனுப்பியது. அது ஒட்டவில்லை, மறு ஆண்டு கேட்சராகவே திரும்பினார். இந்தப் பழக்கம் சின்ன வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டியது.

முழுதாக விட்டு வெளியேறிப் பெரிய ஆளானவர்களும் உண்டு. ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் கிரெய்க் பிஜியோ 1992இல் கேட்சர் மிட்டை வைத்துவிட்டு செகண்ட் பேஸுக்குப் போய், 3,060 ஹிட்டோடு முடித்தார். பிரைஸ் ஹார்ப்பர் பள்ளி நாள்களில் கேட்சர். வாஷிங்டன் நேஷனல்ஸ் 2010இல் அவரைத் தேர்வு செய்தபோதே அவுட்ஃபீல்டர் என்றுதான் அறிவித்தது. நம்மவர்களுக்குப் பழகிய பெயர் வேண்டுமென்றால் குமார் சங்கக்காரா. விக்கெட் கீப்பராக ஆடிய டெஸ்டுகளில் அவர் சராசரி 40.48, கீப்பிங் இல்லாத டெஸ்டுகளில் 66.78. மட்டை அவ்வளவு பெரிதாக இருந்தால் கையுறையைக் கழற்றுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 13 வயதுப் பையனை நிரந்தரமாக மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை. ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கிறவனிடம் எல்லா அணியும் முதலில் எதிர்பார்ப்பது மட்டை. உயரம் நின்றுவிட்டு, மட்டையும் சாதாரணமாக அமைந்தால், 16 வயதில் அவனுக்கு அங்கே இடமிருக்காது. கேட்சர் தெரிந்தவனுக்கு எந்த அணியிலும் இடம் உண்டு. அந்தக் கதவை இப்போதே அடைக்க வேண்டாம்.

சிங்கப்பூருக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் உறுத்துவது. குளிர்காலம் வருகிற நாடுகளில் பனியே பையனை நிறுத்தி ஓய்வு கொடுத்துவிடும். இங்கே 12 மாதமும் ஆடலாம். வார நாள்களில் பள்ளியின் இணைப்பாட நடவடிக்கையில் சாஃப்ட்பால், சனி ஞாயிறில் கிளப் பேஸ்பால், இடையில் வெள்ளிக்கிழமை சித்தப்பாவோடு கிரிக்கெட் வலைப்பயிற்சி. மூன்று இடத்திலும் கை ஒன்றுதான். ஒரு பயிற்றுநர் சொல்வது இன்னொருவருக்குத் தெரியாது. கிளப்பில் ஃபர்ஸ்ட் பேஸில் ஓய்வு கொடுத்ததாக நான் நிம்மதியாக இருப்பேன். பையன் செவ்வாயும் வியாழனும் பள்ளியில் முழு ஆட்டம் கேட்சர் ஆடியிருப்பான்.

அதனால் கணக்கை வீட்டில் யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் ஒரு குறிப்பு போதும்: எந்த நாள், எந்த ஆட்டம், எத்தனை இன்னிங்ஸ் கேட்சர். அதை இரண்டு பயிற்றுநருக்கும் அனுப்புங்கள், தயங்க வேண்டாம். அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 13, 14 வயதுப் பிட்சர்களுக்கு ஆண்டில் 4 மாதம் போட்டி எறிதல் இல்லாமல் இருக்கச் சொல்கிறது, அதில் 2 முதல் 3 மாதம் தொடர்ச்சியாக எந்த எறிதலும் கூடாது என்கிறது. கேட்சருக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆண்டிறுதித் தேர்வுக் காலத்தையும் நவம்பர், டிசம்பர் விடுமுறையையும் சேர்த்தால் அந்தத் தொடர் இடைவெளி இங்கேயே கிடைக்கிறது. விடுமுறை முகாம் என்று அதையும் நிரப்பிவிடாதீர்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் எதுவும் பரவாயில்லை.

ஒருவேளை உங்கள் பையன் வலி ஏதும் இல்லாமல் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடுகிறவன் என்றால் நான் சொல்வது இது: ஓர் ஆட்டம் கேட்சர், ஓர் ஆட்டம் ஃபர்ஸ்ட் பேஸ். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வந்தால் முதலாவதில் கேட்சர், இரண்டாவதில் ஃபர்ஸ்ட் பேஸ், மாற்றிச் செய்ய வேண்டாம். ஆறின கையோடு போய் குந்துவதைவிட, களைத்த கை எறியாமல் இருப்பது மேல். பயிற்சியில் பிடிக்கிற பழக்கம் போகாமலிருக்க, பிட்சரின் பந்தைப் பிடித்துத் திருப்பி எறியாமல் பக்கத்து வாளியில் போடச் சொல்லுங்கள். பிடிக்கும் கை தேறும், எறியும் கை ஓய்வெடுக்கும்.

பையனிடம் காரணத்தைச் சொல்வது மிக முக்கியம். சொல்லாமல் மாற்றினால் தன்னைத் தள்ளிவிட்டதாகத்தான் நினைப்பான். எங்கள் அணியில் ஒருவன் முதல் நாள் ஃபர்ஸ்ட் பேஸ் மிட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, “நான் சரியா பிடிக்கலையா கோச்?” என்று கேட்டான். இரண்டு மைதானத்தின் அளவையும் மண்ணில் கோடு போட்டுக் காட்டி, இந்த ஆண்டு அவன் எறியும் தூரம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று விளக்கிய பிறகுதான் முகம் தெளிந்தது. அடுத்த வாரமே இரண்டாவது கேட்சருக்கு ஷின்கார்ட் பட்டையை எப்படி இறுக்குவது என்று அவனே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

எறியும்போது தோளின் வெளிப்பக்கத்திலோ முழங்கையின் உள்பக்கத்திலோ வலி என்று பையன் சொன்னால் மட்டும் இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். அப்போது ஃபர்ஸ்ட் பேஸும் வேண்டாம், அவுட்ஃபீல்டும் வேண்டாம். எறிவதை அன்றே நிறுத்திவிட்டு, சிறார் எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகு எந்த இடம் என்று பேசுவோம்.